சேலம் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்களுக்கு: அந்தச் சிவப்பு முக்கோணப் பொத்தானுக்கு இருபது நிமிஷம் ஒதுக்குங்கள்

வணக்கம்.

சேலம் டவுனிலும் ஓமலூர், ஆத்தூர், சங்ககிரி, மேட்டூர் பக்கமும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்களுக்கும், விடியற்காலையிலேயே 'எல்' போர்டு வண்டியின் இடப்பக்க சீட்டில் ஏறி, தனக்கென்று போட்டிருக்கும் பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே பாதி நாளைக் கழித்துவிடும் மாஸ்டர்களுக்கும் இதை எழுதுகிறேன். டிராபிக் போலீசுக்கு எழுதாமல் எங்களுக்கு எதற்கு என்று தோன்றும். போலீஸ் நிறுத்திக் கேட்பது பத்து வருஷம் பழகிப்போன கையை. அந்தக் கை முதன்முதலில் எதை எதற்குத் தொட வேண்டும் என்று கற்றுக்கொண்டது உங்கள் வண்டியில்தான்.

டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் போட்ட பொத்தான் இருக்கிறதே, அதைப் பற்றித்தான். ஹசார்ட், டபுள் இண்டிகேட்டர், பார்க்கிங் லைட், நாலு இண்டிகேட்டர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வோம், எல்லாம் ஒன்றுதான். அதை எப்போது போட வேண்டும், எப்போது தொடவே கூடாது என்று சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு நாள் இருபது நிமிஷம் ஒதுக்குங்கள் என்பது கோரிக்கை. நான் இருப்பது ஏற்காட்டில், வேலை சேலத்தில். மலைப்பாதையில் ஏறி இறங்கியே காலம் போகிறவன் என்பதால் இந்தப் பொத்தான் படுத்தும் பாட்டை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கிறேன்.

என் அக்கா மகள் இப்போது கார் பழகுகிறாள். அவள் சேர்ந்திருக்கும் பள்ளியின் பெயரை இங்கே இழுக்கப்போவதில்லை. கிளட்சை விடுவதும், ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் எடுப்பதும் அவளுக்கு நன்றாகவே வந்திருக்கிறது, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அஸ்தம்பட்டி ரவுண்டானாவுக்குக் கொஞ்சம் முன்னால், நேராகப் போக வேண்டிய இடத்தில், அவள் கை தானாகப் போய் அந்தப் பொத்தானை அமுக்கியது. எதுக்கும்மா இது என்றேன். "நேரா போறோம்ல மாமா, நாலையும் போட்டாத்தானே மத்தவங்களுக்குத் தெரியும். மாஸ்டர்தான் சொன்னாரு" என்றாள்.

அவள் ஒருத்தி மட்டும் இல்லை. ஐந்து ரோட்டில் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு கால் மணி நேரம் நின்று பாருங்கள், நேராகப் போகிற கார்களில் எத்தனை நாலையும் மினுக்கிக்கொண்டு போகின்றன என்று. யாரோ ஒருவர் எப்போதோ சொல்லி, அதைக் கேட்டவர் இன்னொருவருக்குச் சொல்லி, இப்போது இது ஒரு விதி மாதிரியே ஆகிவிட்டது. நேராகப் போவதற்கென்று தனி சிக்னல் எந்த விதியிலும் கிடையாது. திரும்புகிறவர் சொல்ல வேண்டும், நேராகப் போகிறவர் ஒன்றும் போடாமல் போக வேண்டும். அவ்வளவுதான்.

போட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். வெளியே நிற்பவரின் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். நாலு விளக்கும் ஒரே நேரத்தில் கண்ணில் படுவது காரின் படத்தில் மட்டும்தான், ரோட்டில் இல்லை. நேர் பின்னால் வருபவருக்கு இரண்டு தெரியும், நேர் எதிரே வருபவருக்கு இரண்டு தெரியும், பக்கவாட்டில் இருப்பவருக்கு ஒரு பக்கத்து விளக்கு மட்டும்தான் தெரியும். ரவுண்டானாவில் உங்கள் இடப்பக்கமாக ஒட்டி வரும் ஸ்கூட்டிக்காரப் பெண்ணுக்கு உங்கள் இடது விளக்கு மட்டும் மினுங்குகிறது, 'இவர் இடது பக்கம் ஒடிக்கப்போகிறார்' என்று சடாரென்று பிரேக் பிடிக்கிறார், பின்னால் வருகிறவர் அவர் மேல் விடுகிறார். இடப்பக்கத் தெருவிலிருந்து நுழையக் காத்திருக்கும் ஆட்டோக்காரருக்கும் அதே இடது விளக்குதான் தெரிகிறது. 'இவர் இங்கேயே திரும்பிவிடுவார், நாம் போகலாம்' என்று அவர் வண்டியை எடுக்கிறார். நீங்கள் நேராகப் போகிறீர்கள். இதில் ஆட்டோக்காரர் மேல் என்ன தப்பு?

அதோடு, பெரும்பாலான கார்களில் நாலும் எரிந்துகொண்டிருக்கும்போது ஸ்டீயரிங் பக்கத்து இண்டிகேட்டர் குச்சியை எந்தப் பக்கம் தள்ளினாலும் வெளியே ஒரு மாற்றமும் தெரியாது. இடதுக்கும் வலதுக்கும் எரிய வேண்டிய அதே பல்புகள்தான் ஹசார்டுக்கும் எரிகின்றன, தனி விளக்கு கிடையாது. நாலையும் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர் அடுத்த சந்தில் திரும்பும்போது 'நான் திரும்புகிறேன்' என்று சொல்லும் வழியையே தானே அடைத்துவிட்டு வருகிறார். பிரேக் விளக்கும் பாதி பலம் இழந்துவிடும், ஏனென்றால் மினுங்குகிற விளக்கின் பக்கத்தில் நிலையாக எரிகிற விளக்கைக் கண் அவ்வளவு சீக்கிரம் கவனிக்காது.

சரி, டவுனை விடுங்கள், அங்கே யாரும் பெரிய வேகத்தில் போவதில்லை. மலைக்கு வாருங்கள்.

அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி ஏற்காடு ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். உங்களிடம் பழகி லைசென்ஸ் வாங்கியவர்களில் பலர் அடுத்த மாதமே குடும்பத்தோடு ஏறும் முதல் மலைப்பாதை இதுதான், ஊட்டி கொடைக்கானல் எல்லாம் அப்புறம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் மே மாதக் கோடை விழாச் சமயத்திலும் பாருங்கள், மலையேற ஆரம்பித்ததும் நாலு இண்டிகேட்டரைப் போட்டு, மேலே ஏரிக்கரை வரும்வரை அணைக்காமல் வருகிற கார்களை. கேட்டால் 'மலைப்பாதை, ஜாக்கிரதையாப் போறோம்' என்பார்கள். ஜாக்கிரதை மனதில் இருக்கிறது, ரோட்டில் இல்லை.

வளைவில் என்ன நடக்கிறது என்றால், கீழே இறங்கி வருகிற பஸ் டிரைவருக்கு, திரும்பிக்கொண்டிருக்கும் உங்கள் காரின் ஒரு பக்கம்தான் முதலில் தெரியும். அதுவும் பாறைக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு கண நேரம். அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிவது மினுங்குகிற ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. அது ஒரு பக்கம் ஒதுங்கும் கார் என்று எடுத்துக்கொள்வதா, நடுரோட்டில் நின்றுபோன கார் என்று எடுத்துக்கொள்வதா? வளைவு முழுவதும் தேவைப்படுகிற பெரிய வண்டியை வைத்துக்கொண்டு அவர் ஊகித்துக்கொண்டிருக்க முடியாது. மலைச்சாலையில் அகலம் போதாத இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஏறுகிறவர் வருகிறாரா நிற்கிறாரா என்று தெரிந்தால்தானே வழிவிட முடியும். வளைவில் போட வேண்டியது ஹாரன், இரவென்றால் டிம் பிரைட் ஒரு தடவை. போட வேண்டிய கியர் இரண்டாவது, சில வளைவுகளில் முதல். இண்டிகேட்டருக்கு அங்கே வேலையே இல்லை, முந்தவோ ஒதுங்கவோ செய்தால் தவிர.

லாரிக்காரர்களின் பாஷையும் இதில் சேர்ந்துகொள்கிறது. பின்னால் வருகிறவரைப் போகச் சொல்ல இடது இண்டிகேட்டர், எதிரே வண்டி வருகிறது வராதே என்று சொல்ல வலது இண்டிகேட்டர் என்று அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. சட்டப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் தலைமுறையாக ஓடுகிற பழக்கம். (இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்று உங்கள் மாணவர்களிடம் சொல்லுங்கள், அவர் உண்மையிலேயே அந்தப் பக்கம் திரும்புகிறவராக இருக்கலாம்.) இப்படி ஒவ்வொரு மினுக்கலுக்கும் ஓர் அர்த்தம் தேடிப் பழகியவர்களுக்கு நடுவில், அர்த்தமே இல்லாமல் நாலையும் போட்டுக்கொண்டு போவது சும்மா இருப்பதைவிட மோசம்.

அடுத்தது பனிமூட்டம். மழைக்காலத்திலிருந்து மார்கழி தை வரை ஏற்காட்டில் சில நாள் காலையில் வண்டியின் பானெட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அப்போது நாலையும் போடுவது நியாயம்தானே என்று நினைப்பவர்கள் நிறைய பேர், விவரமானவர்கள்கூட. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பனிக்குள் மினுங்கும் மஞ்சள் விளக்கைப் பார்த்தால் முன்னால் இருப்பது ஓடுகிற வண்டியா நிற்கிற வண்டியா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிவதில்லை. ஓடுகிற வண்டிகளெல்லாம் நாலையும் போட்டுக்கொண்டு வரும்போது, உண்மையிலேயே பழுதாகி நிற்கிற வண்டியும் அதே மஞ்சளைத்தான் காட்டும். புலி வருது கதைதான், முதல் பத்து வண்டி ஓடிக்கொண்டிருந்தன என்பதால் பதினோராவதும் ஓடுகிறது என்று நினைத்துப் போய் மோதுவார்.

பனியில் போட வேண்டியது ஹெட்லைட், அதுவும் டிம். பிரைட் போட்டால் பனியில் பட்டு வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். பனி விளக்கு இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஹெட்லைட் போடச் சொல்வதற்கு முக்கியமான காரணம் முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. இப்போது வரும் பல கார்களில் பகலிலேயே முன்னால் ஒரு வெள்ளைக் கோடு எரிகிறதல்லவா, டிஆர்எல் என்கிறோம். அது எரிவதைப் பார்த்து லைட் போட்டாயிற்று என்று நினைத்துவிடுகிறார்கள். பல வண்டிகளில் டிஆர்எல் மட்டும் எரியும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் இருளாக வந்துகொண்டு, பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஹசார்டைப் போட்டுக்கொள்கிறார்கள். ஸ்விட்சை ஒரு திருகு திருகினால் பின்னால் இரண்டு சிவப்பும் நிலையாக எரியும், இண்டிகேட்டரும் பிரேக் விளக்கும் தங்கள் வேலையைப் பார்க்கும். பெருமழைக்கும் இதேதான். ஓட்டவே முடியாத அளவுக்கு மறைத்துவிட்டால் ரோட்டை விட்டு முழுசாக வெளியே வந்து நிறுத்துங்கள், நின்ற பிறகு நாலையும் போடுங்கள், அது சரி.

பைக் பழக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்போது வரும் பைக்குகளில் ஹசார்ட் ஸ்விட்ச் வந்துவிட்டது. கூட்டமாக மலையேறும் பையன்கள் அலங்காரம் மாதிரி அதைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கார்களில் கட்சி ஊர்வலம், கல்யாண ஊர்வலம், சாவு ஊர்வலம், எல்லாவற்றுக்கும் நாலு இண்டிகேட்டர் ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. இதை எல்லாம் நீங்கள் ஒருவரே நிறுத்திவிட முடியாது என்று எனக்கும் தெரியும்.

ஆனால் 'ரெண்டு நிமிஷம்' வியாதியை நிறுத்தலாம். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்க, பேக்கரி வாசலில் பப்ஸ் வாங்க, ஸ்கூல் விடும் நேரத்தில் கேட்டுக்கு நேராக, ஏற்கெனவே நிற்கிற வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசையில் காரை விட்டுவிட்டு நாலையும் போட்டுவிட்டு இறங்கிப் போவார்கள். பொத்தானை அமுக்கியதும் அந்த இடம் பார்க்கிங்காக மாறிவிட்டது போல. அடுத்தவருக்கு ஆபத்தாகவோ இடைஞ்சலாகவோ வண்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 122வது பிரிவு சொல்கிறது, லைட் எரிந்தால் பரவாயில்லை என்று அதில் விலக்கு ஒன்றும் இல்லை. மலைப்பாதையில் இது உயிர் விஷயம். வளைவில் குரங்குக்குப் பிஸ்கட் போட ஒரு கார் நிற்கும், பின்னால் இன்னொன்று போட்டோ எடுக்க நிற்கும், இரண்டும் மினுங்கிக்கொண்டிருக்கும், மேலே போகிற பஸ் பாதி வளைவில் நின்று திரும்ப முடியாமல் தவிக்கும். குரங்குக்கு உணவு போடுவதே தப்பு என்பது தனிக்கதை.

இதுவரை போடக் கூடாத இடங்களை மட்டும் சொல்லிவிட்டேன். போட வேண்டிய இடத்தில் போடாமல் விடுவதுதான் இதைவிடக் கொடுமை, அதைச் சொல்லாமல் விட்டால் உங்கள் மாணவர்கள் ஹசார்டையே தொடாமல் இருந்துவிடுவார்கள்.

சேலத்தைச் சுற்றிப் பெரிய சாலைகள். பெங்களூரு பக்கமிருந்து தொப்பூர், ஓமலூர் வழியாக வந்து நாமக்கல் போவது, சங்ககிரி, பவானி வழியாகக் கோயம்புத்தூர் போவது, வாழப்பாடி, ஆத்தூர் வழியாக உளுந்தூர்பேட்டை போவது. மூன்றிலும் ராத்திரி லாரிகள் ஓரமாக நிற்கும். 2023 செப்டம்பரில் சங்ககிரி அருகே, அதிகாலையில், நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் ஆம்னி வேன் மோதி ஆறு பேர் இறந்தார்கள், அதில் ஒரு வயதுக் குழந்தையும் ஒன்று. அந்த லாரியில் என்ன எரிந்தது, யார் மேல் தப்பு என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. நிற்கிற வண்டி எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்காகச் சொல்கிறேன்.

80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறது, 100இல் வந்தால் 28 மீட்டர். ஓட்டுகிறவர் பார்த்து, புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒன்றரை விநாடி ஆகிவிடும், அதற்கப்புறம்தான் வேகம் குறையவே ஆரம்பிக்கும். ஹசார்ட் தூரத்திலிருந்தே தெரியும்தான், ஆனால் ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கமோ வளைவிலோ நின்றால் தெரியாது. அதற்குத்தான் புது காரோடு ஒரு சிவப்பு முக்கோணத்தை மடக்கி டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள். நூறு பேரை நிறுத்தி உங்கள் முக்கோணம் எங்கே என்று கேளுங்கள், முக்கால்வாசிப் பேர் உறையைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். அதைக் காருக்குப் பின்னால் பத்தடியில் வைப்பதில் பிரயோஜனம் இல்லை. 50 மீட்டரில் வைத்தால்கூட, 100 கிலோமீட்டரில் வருகிறவருக்கு அது இரண்டு விநாடிகூட இல்லை. ஹைவேயில் இன்னும் பின்னால் போய் வைக்க வேண்டும், போகும்போது வருகிற வண்டிகளைப் பார்த்தபடி, ரோட்டில் நடக்காமல் ஓரமாக. மலையில் கணக்கே வேறு. வளைவைத் தாண்டி வண்டி நின்றுவிட்டால், முக்கோணம் வளைவுக்கு முன்னால் இருக்க வேண்டும். வளைவைத் திரும்பியதும் காரும் முக்கோணமும் சேர்ந்தே கண்ணில் பட்டால் அதை வைத்ததும் ஒன்றுதான், வைக்காததும் ஒன்றுதான்.

முக்கோணம் இல்லாதவர்கள் மரக்கிளையை ஒடித்து ரோட்டில் போட்டு, நாலு கல்லை வரிசையாக அடுக்குவார்கள். லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது, ஒன்றும் இல்லாததற்கு அது மேல். என் ஆத்திரம் எல்லாம் வண்டி சரியானதும் கிளையை மட்டும் எடுத்துவிட்டுக் கல்லை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் மேல்தான். ராத்திரி பைக்கில் வருகிறவனுக்கு அந்தக் கல் தெரியுமா?

அப்புறம் வண்டிக்குள் இருப்பவர்கள். ஹசார்ட் போட்டாயிற்று என்று ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள், அல்லது காருக்குப் பின்னால் நின்று டிக்கியில் சாய்ந்தபடி மெக்கானிக்குக்குப் போன் செய்துகொண்டிருப்பார்கள். பின்னால் ஒரு வண்டி வந்து மோதினால் முதலில் மாட்டுவது அவர்கள்தான். எல்லோரையும் இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், வண்டிக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் 1033, அடிபட்டால் 108, அவசரத்துக்கு 112. இந்த மூன்று எண்ணையும் உங்கள் வண்டியின் டேஷ்போர்டில் ஒட்டி வைத்தால் என்ன, பழகுகிற நாளெல்லாம் கண்ணில் படுமே.

ஓடும்போது ஹசார்ட் போடலாம் என்று நான் ஏற்றுக்கொள்கிற இடம் முக்கியமாக ஒன்றுதான், அதற்குத் தொப்பூர் கணவாயே உதாரணம். நீண்ட இறக்கம், முன்னால் ஏதோ விபத்து, வண்டிகள் திடீரென்று நிற்கின்றன, உங்களுக்குப் பின்னால் லோடு லாரி வருகிறது. பிரேக் பிடித்தபடியே கண்ணாடியைப் பாருங்கள், நாலையும் போடுங்கள், பின்னால் வருகிறவர் வேகம் குறைத்துவிட்டார் என்று தெரிந்ததும் அணைத்துவிடுங்கள். சில விநாடிதான். சில புது வண்டிகளில் வேகமாகப் போகும்போது அழுத்திப் பிரேக் பிடித்தால் இது தானாகவே நடக்கும், ஏர்பேக் வெடித்தாலும் பல வண்டிகளில் தானாகவே நாலும் எரியும். 2024 டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் மலைப்பாதையில் மண்ணும் கல்லும் சரிந்தது நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் வளைவுக்கு அந்தப் பக்கம் பாறை கிடந்தால், முதலில் பார்த்து நிற்கிற கார் நாலையும் போடுவது பின்னால் வருகிறவருக்குச் செய்கிற பேருதவி. எஞ்சின் நின்று கயிறு கட்டி இழுத்துப் போகும்போதும் போடலாம், முன்னால் போகிறவர் திரும்பும்போது மட்டும் கை சிக்னல் காட்ட மறக்காமல் இருந்தால் போதும். லோடு ஏற்றிக்கொண்டு நடக்கிற வேகத்தில் மலையேறும் லாரி போடுவதைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. அவர் வேகத்துக்கும் காரின் வேகத்துக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது எச்சரிப்பது நல்லதுதான், ஆனால் வளைவில் ஒரு விளக்கு மட்டும் தெரிகிற சிக்கல் அவருக்கும் உண்டு.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். கார் பழக்குவதற்கு 21 நாளுக்குக் குறையாமல், அதில் உண்மையாக ஓட்டுவது 10 மணி நேரத்துக்குக் குறையாமல் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அதை முடித்ததாகப் படிவம் 5இல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். அந்தப் பத்து மணி நேரத்தில் பெரும்பகுதி 'எச்' போடவும் ஆர்டிஓ கிரவுண்டில் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி ஆஃப் ஆகாமல் எடுக்கவும் போய்விடுகிறது என்பது எனக்குத் தெரியும், வந்து சேர்கிறவர்களும் லைசென்ஸ் எப்போது வரும் என்றுதான் கேட்கிறார்கள். அதனால்தான் இருபது நிமிஷம் என்று சொல்கிறேன், அதுவும் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது. டீசல்கூடச் செலவாகாது.

முதலில் சாவியை எடுத்துவிட்டு ஹசார்டை அமுக்கச் சொல்லுங்கள். சாவி இல்லாமலும் எரியும் என்பதே பாதிப் பேருக்கு ஆச்சரியமாக இருக்கும். எரியவிட்டு வண்டியைச் சுற்றி ஒரு நடை நடக்கச் சொல்லுங்கள், எந்த இண்டிகேட்டர் பல்பு போயிருக்கிறது என்று ஒரே சுற்றில் தெரிந்துவிடும். (ஒரு பக்கம் இண்டிகேட்டர் போட்டால் டிக்டிக் சத்தம் வழக்கத்தைவிட வேகமாக வந்தால் அந்தப் பக்கம் பல்பு போய்விட்டது என்று அர்த்தம். நிமிஷத்துக்கு 60இலிருந்து 120 முறைக்குள் மினுங்க வேண்டும் என்பது விதி. கடையில் வாங்கி மாட்டும் நடனமாடும் எல்இடிகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.) நாலும் எரிகிற காருக்கு இடப்பக்கம், வலப்பக்கம், கொஞ்சம் எட்ட, மூலையில் என்று ஒவ்வோர் இடமாக மாணவரை நிறுத்தி, இந்த வண்டி எந்தப் பக்கம் போகப் போகிறது என்று கேளுங்கள். மேலே நான் பக்கம் பக்கமாக எழுதியது அவருக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

அப்புறம் டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, நேராக ரோட்டையே பார்த்தபடி கையால் மட்டும் பொத்தானைத் தேடி அமுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வண்டியிலும் அது ஒவ்வோர் இடத்தில் இருக்கும், பதற்றத்தில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அமுக்குவதைவிட அணைப்பதை நன்றாகப் பழக்குங்கள், ரோட்டில் பார்க்கிற பாதி நாலு இண்டிகேட்டர்கள் போட்டவர் மறந்துபோனதுதான். டிக்கியைத் திறந்து முக்கோணத்தை எடுத்து, விரித்து, நிற்க வைக்கச் சொல்லுங்கள். எங்கே வைப்பாய் என்று கேளுங்கள், பத்தடியில் வைத்தால் திரும்ப எடுத்துவரச் சொல்லுங்கள்.

பேட்டரியைப் பற்றியும் ஒரு வரி. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, சாதாரண பல்பு என்றால் ஒவ்வொன்றும் 21 வாட். பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைவதால் சராசரியாக நாற்பது வாட்டுக்குக் கொஞ்சம் மேல், அதாவது மூன்றரை ஆம்பியர். சின்னக் காரின் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ராத்திரி முழுக்க அதைத் தாங்காது, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஓரிரு மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது, அதனால் பேட்டரிக்குப் பயந்து ஹைவேயில் அணைத்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோடை விழாவுக்குக் கூட்டம் ஏற ஆரம்பிப்பதற்கு முன்னால் இதை ஆரம்பித்தால் நல்லது. அந்த நாட்களில் அடிவாரம் வழியாக ஏற்றி குப்பனூர் வழியாக இறக்குவார்கள், இரண்டு பாதையிலும் உங்கள் மாணவர்கள் இருப்பார்கள். நேராகப் போனால் நாலையும் போடு என்று சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் யாராவது உங்கள் பள்ளியில் இருந்தால், அவரைத் திட்ட வேண்டாம், அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை மேலே அனுப்பி வையுங்கள். அறுபதடி பாலத்துக்குப் பக்கத்தில் பாதுகாப்பாக ஓரிடம் இருக்கிறது, அங்கே நின்று இறங்குகிற வண்டிகளையும் ஏறுகிற வண்டிகளையும் சேர்ந்து பார்ப்போம். டீ என் செலவு.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து தினமும் இறங்கி ஏறும் ஒருவன்